மீன் தொட்டியில் பாசியா? தீவன டப்பாவைப் பாருங்கள்

கண்ணாடியைத் தேய்த்து முடித்து அப்பாடா என்று உட்கார்ந்தால், பத்தாம் நாள் மறுபடியும் பச்சை. மோலியும் கப்பியும் வளரும் எங்கள் 60 லிட்டர் தொட்டியில் ஒரு வருடம் இதே கூத்துதான். தேய்த்தால் பாசி உதிரும். அது தின்று வளர்ந்த சத்து தொட்டியை விட்டுப் போகாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் அந்தச் சத்து. வயலுக்குப் போடுகிற தழைச்சத்து, மணிச்சத்து என்றால் சட்டென்று புரியும்.

1973-ல் கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஏரியை நடுவே திரை போட்டுப் பிரித்தார்கள். இரண்டு பாதிக்கும் கரிமமும் தழைச்சத்தும் போட்டு, ஒரு பாதிக்கு மட்டும் மணிச்சத்தையும் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பச்சைப்பசேலென்று ஆனது. சரி, நம் தொட்டிக்குள் இதெல்லாம் எப்படி வருகிறது? பெரும்பாலும் நம் கையால்தான்.

படி 1: தீவனம். எங்கள் வீட்டில் காலையில் நான் போடுவேன், அப்புறம் அம்மா, பள்ளி விட்டு வந்ததும் மகள். மீனோ எப்போதும் பசித்த மாதிரியே மேலே வரும், நம்பாதீர்கள். ஒரு சிட்டிகை போட்டுவிட்டு இரண்டு நிமிடம் உற்றுப் பாருங்கள். குருணை கூழாங்கல் இடுக்கில் இறங்கினால் அளவு அதிகம். போடும் பொறுப்பை ஒருவரே ஏற்கட்டும். வளர்ந்த மீன்களுக்கு வாரம் ஒருநாள் விரதம் வைத்தாலும் ஒன்றும் ஆகாது.

படி 2: கசடு. வாரம் ஒருமுறை சிஃபன் குழாயால் அடிமண்ணில் தங்கிய கசடை உறிஞ்சுங்கள். ஃபில்டர் பஞ்சில் சிக்கிய அழுக்கு வெளியேறிவிட்டதாக நினைக்க வேண்டாம். அங்கேயே அழுகி, அதன் சத்து தண்ணீரில்தான் கரைகிறது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை அலசுங்கள். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீர் பட்டால் நல்ல பாக்டீரியா செத்துவிடும்.

படி 3: தண்ணீர் மாற்றுதல். வாரம் கால்வாசி போதும். ஆனால் ஊற்றும் தண்ணீரை முதலில் சோதியுங்கள். தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்றால், சுத்தமான தண்ணீரில் கால்வாசி மாற்றினால் 30 ஆகும். போர் தண்ணீரிலேயே 20 இருந்தால் 35-க்குத்தான் இறங்கும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கியைக் கலந்த பிறகே ஊற்றவும்.

படி 4: போட்டிக்கு ஆள். வேகமாக வளரும் வேலம்பாசி என்ற நீர்ச்செடி, பாசிக்குப் போகும் சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மணி பிளான்ட்டின் வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொங்கவிட்டாலும் சரி. பெருகும் செடியை வெட்டி வெளியே போட்டால்தான் சத்தும் கூடவே போகும். அழுகிய இலை உள்ளே கிடந்தால் எடுத்ததெல்லாம் திரும்பிவிடும். வெட்டியதை ஏரி, குளத்தில் மட்டும் வீசாதீர்கள்.

விளக்கு, நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம். ஜன்னல் வெயில் வேண்டாம்.

பாசிக்கொல்லி மருந்துப் பக்கம் போகாதீர்கள். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் குறையும், சத்தும் தண்ணீருக்கே திரும்பும். ‘டேங்க் கிளீனர்’ என்று கடையில் தரும் சக்கர் மீனும் வேண்டாம். ஓர் அடிக்கு மேல் வளர்ந்து, அது போடும் கழிவே தனி வேலையாகிவிடும்.

பலன் தெரிய மூன்று, நான்கு வாரமாவது ஆகும். பின்பக்கக் கண்ணாடியில் மெல்லிய பச்சை மிஞ்சினால் விட்டுவிடுங்கள். தீவனம் குறைந்த பிறகு எங்கள் மோலிகள் பகல் முழுக்க அதைத்தான் கொத்திக்கொண்டிருக்கின்றன.