டைட்டிலின் முன்பக்கத்தில் ஒரு வங்கியின் பெயர்

டெக்சாஸில் தனிநபரிடம் பழைய கார் வாங்கினால், 30 நாள்களுக்குள் டைட்டிலை, அதாவது காரின் உரிமைப் பத்திரத்தை, நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தாக வேண்டும். தாமதித்தால் அபராதம் 25 டாலரில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். விற்றவர் டைட்டிலின் பின்பக்கத்தில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார்; டைட்டில் மாற்றத்துக்கான 130-யு விண்ணப்பப் படிவத்திலும் போட்டார். ஆனாலும் கவுண்டி வரி அலுவலகத்தில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காரணம், முன்பக்கத்தில் விற்றவருக்கு கார் கடன் கொடுத்த வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. கடன் எப்போதோ அடைந்துவிட்டதாம். கடைசித் தவணை ரசீதைக் காட்டினேன், செல்லவில்லை. வங்கியை அழைத்தேன், கணக்கு உங்களுடையதல்ல என்றார்கள், அதுவும் சரிதான். விற்றவரே அழைத்த பிறகுதான் கடன் விடுவிப்புக் கடிதம் வந்தது.

அதையும் ஏற்கவில்லை. கடிதத்திலிருந்த 17 இலக்க வின் எண்ணில் (காரின் அடையாள எண்) பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து! இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் வின் எண்ணில் ஐ, ஓ, கியூ மூன்றையும் பயன்படுத்துவதே இல்லை. காரின் கதவோரத்தில் வின் எண் இருக்கும் தகட்டோடு ஒப்பிட்டிருந்தால் ஒரு நடை மிச்சமாகியிருக்கும்.

திருத்திய கடிதத்துடன் 26ஆம் நாள் போனேன். 6.25 சதவீத விற்பனை வரியைக் கட்டினேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்பாடா!