படகுத்துறைச் சண்டையில் வன்விசை: புகார் மனுவை எழுதும் முறை

பாம்பனிலோ தொண்டியிலோ படகுத்துறைத் தகராறு முற்றிக் காவல் நிலையம் செல்பவர்களில் பலர், "என்னை அடித்தார், மிரட்டினார்" என்ற அளவிலேயே மனுவை முடித்துவிடுகின்றனர். எது அசைந்தது, அசைத்தவர் யார், எந்த நோக்கத்தில் அசைத்தார் என்பதே சட்டத்தின் முதல் கேள்வி. அடியின் வேகம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 128-ஆம் பிரிவின்படி, ஒருவரை அசையச் செய்வதும், அவருடைய அசைவை மாற்றுவதும், நிறுத்துவதும், ஏதேனும் ஒரு பொருளை அவர் உடலிலோ உடையிலோ கையில் உள்ள பொருளிலோ படும்படி நகர்த்துவதும் வன்விசையே ஆகும். சம்மதமின்றி, வேண்டுமென்றே, குற்றம் செய்வதற்காகவோ, தீங்கு, அச்சம், எரிச்சல் ஏற்படும் என்று அறிந்தோ செய்தால், 129-ஆம் பிரிவின்படி அது குற்றமுறு வன்விசையாகிறது. வலை இழுக்கும்போது தெரியாமல் முழங்கை இடிப்பது இதில் சேராது.

129-ஆம் பிரிவு தரும் முதல் உதாரணமே ஆற்றில் கட்டிய படகுதான். நம் கரைக்கு அதைப் பொருத்திப் பாருங்கள்: வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) ஓரம் கட்டிய வள்ளத்தில் ஒருவர் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருக்க (கிழிசலைச் சரிசெய்ய), கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் நேரம் பார்த்து மற்றொருவர் கயிற்றை அவிழ்த்துவிட, வள்ளம் அவரோடு கடலுக்குள் நகர்கிறது. உடலில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும், தொடவே இல்லாவிட்டாலும் இது குற்றமுறு வன்விசை. அதே வள்ளம் ஆளில்லாமல் இருந்திருந்தால், 324-ஆம் பிரிவின் கீழ்ச் சொத்துக்குக் கேடு விளைவித்த வழக்காகவே அதைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே படகில் யார், எங்கே இருந்தார் என்பதை மனுவின் முதல் வரிகளிலேயே எழுதுங்கள்.

துடுப்பை ஓங்கி அடிக்க வருவது, தாக்க முனைதலைப் பற்றிய 130-ஆம் பிரிவில் அடங்கும். வெறும் வசவு அடங்காது. ஆனால் ஓங்கிய கையோடு சொன்ன சொல் அந்தச் சைகைக்குப் பொருள் தருமாதலால், அதைச் சொன்னபடியே எழுத வேண்டும்.

காயம் இருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, எந்தக் கருவியால் நேர்ந்தது என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கூறிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எலும்பு முறிந்தாலோ, 15 நாள் வழக்கமான தொழிலைச் செய்ய முடியாமல் போனாலோ அது கொடுங்காயம் (பழைய சட்டத்தில் 20 நாள்). வெட்டுக்கத்தி பயன்பட்டிருந்தால், ஆபத்தான கருவியால் காயப்படுத்துவது பற்றிய 118-ஆம் பிரிவு பொருந்தும்; அந்த வழக்கில் பிடிவாரண்ட் இன்றியே காவலர்கள் கைது செய்யலாம். சாதாரணக் குற்றமுறு வன்விசைக்கு 131-ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்றாலும், நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவலர்கள் புலனாய்வு செய்ய இயலாது. இதை அறியாமல் நிலைய வாசலில் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை.

கத்திக்குத்து போன்ற, காவலர்களே நேரடியாகப் புலனாய்வு செய்யக்கூடிய குற்றமாக இருந்தும் 'எங்கள் நிலைய எல்லைக்குள் நடக்கவில்லை' என்று காரணம் காட்டி மறுத்தால், எந்தக் காவல் நிலையமும் அந்தத் தகவலைப் பதிய வேண்டும் என்ற 173-ஆம் பிரிவை (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சுட்டிக்காட்டுங்கள். அதன்பிறகும் பதியாவிட்டால் மனுவின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.