நடுகல் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

நடுகல் என்றால் சண்டையில் மாண்ட வீரனுக்காக நட்ட கல். அதைத் தேடி எங்கள் குழுவோடு புதிதாகக் கிளம்புகிறவர்கள் தொப்பி, தண்ணீர் பாட்டிலை மறப்பதில்லை. அதனால் அந்தப் புத்திமதி வேண்டாம். வட ஆற்காட்டுப் பக்கம் மறுபடி மறுபடி நடக்கிற வேறு சில தவறுகள் இருக்கின்றன.

கல்லைத் தேய்ப்பது

இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. செங்கம் பக்கம் கரும்புக் கொல்லை ஓரத்தில் ஒரு நடுகல். ஊரார் வேடியப்பன் என்று கும்பிடுவது. எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கறுத்திருந்தது. நாங்கள் கொல்லைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், புதிதாக வந்த தம்பி கம்பி பிரஷ்ஷும் பாத்திரம் தேய்க்கிற பவுடருமாக உட்கார்ந்துவிட்டான். "ண்ணா, இப்ப பளிச்சுன்னு தெரியுது பாருங்க!"

வீரனின் வில் பளிச்சென்றுதான் இருந்தது. தலைக்கு மேலே வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், முதல் வரி பாதியைக் காணோம். அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வருகிற இடம் அது. இனி எழுத்தின் வடிவத்தை வைத்துக் குத்துமதிப்பாக நூற்றாண்டு சொல்லலாம், அவ்வளவுதான்.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லில் பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு இருக்கிறது. எருமைகளுக்காகச் சண்டையிட்டு மாண்ட கருந்தேவக்கத்தியோடு, இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயும் இருக்கிறது, பெயர் கோவிவன். அங்கே கம்பி பிரஷ் போயிருந்தால் அது வெறும் நாய்.

வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ். பிசுக்கு போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இருட்டியதும் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். மைப்படி எடுப்பது பழகிய கைக்கு உரிய வேலை. தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, எழுத்துக்குள் இறங்கும்படி பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்ற வேண்டும்.

சாக்பீஸ்

எழுத்தில் தீட்டாதீர்கள். அடுத்து வருகிறவர் கல்லைப் படிக்க மாட்டார், உங்கள் ஊகத்தைத்தான் படிப்பார்.

பானை ஓடு பொறுக்குவது

திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது புதிய கற்காலமும் பெருங்கற்காலமும் அடுக்கடுக்காக வந்தன. அந்த மாதிரி மேட்டில் கிடக்கிற கருப்பு சிவப்பு ஓட்டைப் பையில் போட்டு வந்து "எந்தக் காலம் சார்?" என்கிறார்கள். எந்த இடத்தில் கிடந்தது என்று தெரியாத ஓட்டுக்கு உறுதியாகக் காலம் சொல்வது கஷ்டம். கிடந்த இடத்திலேயே ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து விஏஓ-விடமோ, வேலூர் கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள்.

தோண்டுவது

உரிமம் இல்லாமல் ஒரு சாண் கூடக் கூடாது.

செருப்பு

வேடியப்பன் முன்னால் கழற்றுங்கள். பூசாரியைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

லொகேஷன் போடுவது

ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தால் போதும். மேப்பில் புள்ளி வைத்துப் பகிர்ந்தால், கல்லுக்குக் கீழே புதையல் என்று நம்புகிறவன் ராத்திரியோடு ராத்திரியாகக் கடப்பாரையோடு வருவான்.