தெரிந்த கேள்வியில்தான் மதிப்பெண் போகிறது: எல்லையோரத் தேர்வர்கள் தவிர்க்க வேண்டிய பொது அறிவுத் தவறுகள்

மார்த்தாண்டத்திலோ செங்கோட்டையிலோ கம்பத்திலோ இருந்து போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குக் கேரளத்தைப் பற்றிய கேள்வி என்றால் ஒரு தைரியம். ஓணம் தெரியும், கதகளி தெரியும், பெரியாற்றுத் தண்ணீர் வயல்வரை வருகிறது. திருத்தணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆந்திரமும் அப்படித்தான். தெரியாத கேள்வியை இரண்டு முறை படிக்கிறவர்கள், தெரிந்த கேள்வியைப் பாதியிலேயே விட்டுவிட்டு வட்டத்தைக் கறுப்பாக்கிவிடுகிறார்கள். பழக்கத்தால் தெரிந்த செய்தி வேறு, கேள்வி கேட்கிற செய்தி வேறு. எல்லைப்புறத்தில் இந்த இடைவெளி பெரும்பாலும் மூன்று இடங்களில் விழுகிறது: ஒரு பொருள் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, எப்போதிலிருந்து.

இருக்கும் இடமும் இயக்கும் கையும்

முல்லைப் பெரியாறு அணை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. அதை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. "அமைந்துள்ள மாநிலம்" என்று கேட்டால் ஒரு விடை, "இயக்கும் மாநிலம்" என்று கேட்டால் இன்னொரு விடை. தேனிக்காரர்கள் முதல் வகைக் கேள்வியில் அடிக்கடி தவறுகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது "நம்ம அணை".

ஒப்பந்தக் கேள்வி இன்னும் நுட்பமானது. 1886 அக்டோபர் 29-ல் 999 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டவை திருவிதாங்கூர் அரசும் பிரிட்டிஷ் இந்திய அரசும். விடைகளில் "தமிழ்நாடு, கேரளம்" என்று ஒரு வரி இருக்கும். அப்போது இரண்டுமே பிறக்கவில்லை. அணை கட்டி முடிந்தது 1895. நீர்மட்ட எண்களையும் கலக்கக் கூடாது. முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. 1979-ல் பாதுகாப்பு அச்சத்தால் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடிவரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னதை, அரசியல் சாசன அமர்வு 2014 மே 7-ல் உறுதி செய்தது. அதே பெரியாற்றின் மேல் உள்ள இடுக்கி வளைவு அணை கேரளத்துக்கே உரிய மின் திட்டம். "பெரியாறு" என்ற சொல்லைக் கண்டதும் முல்லைப் பெரியாறு என்று முடிவு கட்டினால் அங்கே ஒரு மதிப்பெண் போகும்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் இதே வலை பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் இருக்கிறது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் உள்ளவை, இயக்குவது தமிழ்நாடு. ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-ல், ஆனால் 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. இரண்டு ஆண்டும் விடைகளில் வரலாம். கேள்வி எந்த வினைச்சொல்லோடு முடிகிறது என்று பார்க்க வேண்டும். கோவை குடிக்கும் சிறுவாணி நீரின் அணையும் பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது.

தலைகீழான எடுத்துக்காட்டு தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது கன்னியாகுமரி மாவட்டம். பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. வரையாட்டிலும் இந்தக் குழப்பம் உண்டு. அது தமிழ்நாட்டின் மாநில விலங்கு, ஆனால் மிகுதியாக வாழும் இரவிகுளம் தேசியப் பூங்கா மூணாறு அருகே, கேரளத்தில் இருக்கிறது. கேரளத்தின் மாநில விலங்கு யானை, பறவை பெரிய இருவாச்சி, மலர் கொன்றை.

நீதிமன்றக் கேள்வியில் மாஹேயும் ஏனாமும் பலரை ஏமாற்றுகின்றன. மாஹேயைச் சுற்றி இருப்பது கேரளம், ஏனாமைச் சுற்றி இருப்பது ஆந்திரம். இரண்டும் புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் இரண்டுக்கும் உயர் நீதிமன்றம் சென்னை. லட்சத்தீவுக்குத்தான் கேரள உயர் நீதிமன்றம். அந்த நீதிமன்றம் இருப்பதும் தலைநகரில் அல்ல, கொச்சியில்.

ஒரே பெயர், இரண்டு ஊர்

சித்தூர் என்றால் வேலூர், திருத்தணிக்காரர்களுக்கு ஆந்திரச் சித்தூர். பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போகிறவர்களுக்குப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். தமிழில் எழுத்தும் ஒன்றே. வினாவில் மாநிலத்தின் பெயரோ ஆற்றின் பெயரோ ஒட்டியிருக்கும். அதைத் தேடிப் பார்த்துவிட்டு விடைக்குப் போகவும். பாலக்காட்டுச் சித்தூருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாலக்காடு பிரிட்டிஷ் மலபாரில் இருந்தது, சித்தூரோ கொச்சி மன்னரின் நாட்டைச் சேர்ந்தது. "1956-க்கு முன் சென்னை மாநிலத்தில் இருந்தது எது" என்று வந்தால் மாவட்டத்தை மொத்தமாக எண்ணிவிடக் கூடாது. அமராவதியும் அப்படியே: ஒன்று கரூர் வழியாக ஓடும் ஆறு, ஒன்று கிருஷ்ணா நதிக்கரை ஆந்திரத் தலைநகர்.

நாள்களின் குழப்பம்

ஆந்திர மாநிலமும் ஆந்திரப் பிரதேசமும் ஒன்றல்ல. மொழி அடிப்படையில் முதலில் பிறந்தது ஆந்திர மாநிலம்: 1953 அக்டோபர் 1, தலைநகர் கர்நூல். அதற்கு முன்னதாக, 1952 டிசம்பரில், தனி ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு 58 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் சென்னையில் இறந்தார். ஐதராபாத்தின் தெலங்கானாப் பகுதி சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆனது 1956 நவம்பர் 1. ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1953 டிசம்பரில்தான் அமைக்கப்பட்டது. எனவே "ஆணையத்தின் பரிந்துரைப்படி உருவான முதல் மொழிவாரி மாநிலம் ஆந்திரம்" என்ற வாக்கியம் தவறு. ஆணையம் பரிந்துரைத்தது 16 மாநிலங்கள், 3 ஒன்றியப் பகுதிகள். சட்டமானது 14 மாநிலங்கள், 6 ஒன்றியப் பகுதிகள். இந்த இரண்டு இணைகளையும் ஒன்றாகவே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது, தனித்தனியாகப் படித்தால் மாறிப்போகும்.

1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சேர்ந்தன. செங்கோட்டை அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. இன்று தென்காசி மாவட்டம். தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. சேர்ந்த மாநிலத்தின் அன்றைய பெயர் சென்னை மாநிலம். பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18, "தமிழ்நாடு" நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. தமிழ்நாடு நாள் ஜூலை 18 என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. பழைய கைடுகளில் நவம்பர் 1 என்றே இருக்கும். கேரளப் பிறவி நாள் நவம்பர் 1-தான்.

திருத்தணி 1953 முதல் ஆந்திரத்தில் இருந்து, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையின் பேரில் 1960 ஏப்ரல் 1-ல் திரும்பி வந்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் திருத்தணி. "சர்வபள்ளி" என்பது குடும்பத்தின் பூர்வீக ஊர்ப்பெயர். பெயரின் முன்னொட்டைப் பிறந்த ஊராக எடுத்துக்கொள்வது தெலுங்குப் பெயர்களில் எப்போதும் ஆபத்து.

மூன்று சித்திரை, இரண்டு புத்தாண்டு

எல்லையோர மாணவர்கள் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் நாள்காட்டி, ஏனென்றால் வீட்டிலேயே இரண்டு மூன்று கணக்குகள் ஓடுகின்றன.

தமிழ்ச் சித்திரை சூரியக் கணக்கு, ஏப்ரல் 14-ஐ ஒட்டிப் பிறக்கும். தெலுங்கு வீடுகளின் உகாதி சைத்திர மாத வளர்பிறைப் பிரதமை. சந்திரனைக் கொண்டு கணக்கிடுவதால் நாள் ஆண்டுக்கு ஆண்டு மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் இடையே நகரும். மூன்றாவது, இந்திய தேசிய நாள்காட்டியின் சைத்திரம். அது சக ஆண்டு; சாதாரண ஆண்டில் மார்ச் 22, லீப் ஆண்டில் மார்ச் 21 அன்று தொடங்கும். 1957 மார்ச் 22-ல் ஏற்கப்பட்டது. "தேசிய நாள்காட்டி எதை அடிப்படையாகக் கொண்டது" என்ற கேள்விக்கு விக்ரம ஆண்டு என்று குறிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சக ஆண்டு காண ஆங்கில ஆண்டிலிருந்து 78-ஐக் கழிக்கவும். சைத்திரம் பிறக்கும் முன்னான நாள்களுக்கு 79.

மலையாளக் கணக்கில் விஷு மேடம் 1, அதாவது நம் சித்திரை முதல் நாளை ஒட்டியது. ஆனால் கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்ஙம் 1, ஆகஸ்டு நடுவில். "மலையாள ஆண்டின் முதல் மாதம்" என்றால் சிங்ஙம். நம் மாதப் பெயர்கள் நட்சத்திரத்திலிருந்து வந்தவை, அவர்களுடையவை ராசியிலிருந்து. ஆவணி சிங்ஙம், புரட்டாசி கன்னி, ஐப்பசி துலாம், கார்த்திகை விருச்சிகம் என்று வரிசையாக இணைத்து எழுதிப் பார்த்தால் பன்னிரண்டும் அரைமணியில் பதிந்துவிடும். ஓணம் ஆவணியில், அத்தம் தொடங்கித் திருவோணம்வரை பத்து நாள். திருச்சூர் பூரம் சித்திரைக்கு நிகரான மேடத்தில்.

கொல்லம் ஆண்டை மாற்றும் கணக்கும் கேட்கப்படுவதுண்டு. தொடக்கம் கி.பி. 825. ஜனவரி முதல் ஆகஸ்டு நடுவரை 825-ஐக் கழிக்கவும், அதன் பிறகு டிசம்பர்வரை 824. திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனத்தின் நாள் கொல்லம் 1112 துலாம் 27. துலாம் சிங்ஙத்துக்குப் பிந்திய மாதம், ஆகவே 1112-உடன் 824-ஐக் கூட்ட 1936 வரும். நாள் நவம்பர் 12. குமரி மாவட்டத்து வீடுகளில் பழைய ஆதாரம் (பத்திரம்) ஏதாவது இருந்தால் அதன் தேதியை இப்படி மாற்றிப் பழகலாம்.

வைக்கத்தில் கேட்டது எது

வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காக என்று எழுதினால் தவறு. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காக அது நடந்தது. 1923 காக்கிநாடா காங்கிரசில் டி. கே. மாதவன் தீண்டாமை ஒழிப்புத் தீர்மானத்துக்கு வழிசெய்தார். 1924 மார்ச் 30-ல் போராட்டம் தொடங்கியது. தலைவர்கள் கைதான பின் ஏப்ரலில் பெரியார் வந்து முன்னின்று நடத்தி இருமுறை சிறை சென்றார். 1925 நவம்பரில் முடிந்தபோது திறக்கப்பட்டவை மூன்று பக்கத் தெருக்கள். கிழக்குத் தெரு மூடியே இருந்தது. "முழு வெற்றி" என்ற விடையைக் குறிப்பவர்கள் இதை மறந்தவர்கள்.

அடுத்த குழப்பம் குருவாயூர். கே. கேளப்பன் முன்னின்ற 1931-32 குருவாயூர் சத்தியாகிரகம் நேரடியாகக் கோயில் நுழைவுக்கானது. வைக்கம் திருவிதாங்கூரில், குருவாயூர் பிரிட்டிஷ் மலபாரில். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் 1936 கோயில் நுழைவுப் பிரகடனம் திருவிதாங்கூருக்கு மட்டும். கொச்சிக்கும் மலபாருக்கும் பொருந்தாது. மதுரை மீனாட்சி கோயில் நுழைவு வைத்தியநாத ஐயர் முன்னிற்க 1939 ஜூலை 8. இந்த நான்கையும் இடம், அரசு, கோரிக்கை, ஆண்டு என்று ஒரே தாளில் எழுதி வைத்தால் பொருத்துக வகைக் கேள்வி எதுவும் தப்பாது.

பெயர் ஒலிக்கும் கலைகள்

பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடங்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்துக்கு அடிப்படை கம்பராமாயணப் பாடல்கள். கலை கேரளத்தது, பாட்டு தமிழ். ஆந்திரத்தில் தோலு பொம்மலாட்டா. இரண்டும் நிழற்கூத்து, மாநிலம் வேறு. யுனெஸ்கோவின் கலைமரபுப் பட்டியலில் கேரளத்திலிருந்து இருப்பவை கூடியாட்டமும் முடியேற்றும். கதகளி புகழ்பெற்றது என்பதால் அதைக் குறித்துவிடுகிறார்கள். கதகளியும் பரதநாட்டியமும் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. கலம்காரியில் ஸ்ரீகாளஹஸ்தி பாணி பேனாவால் வரைவது, மசூலிப்பட்டினப் பாணி அச்சுக்கட்டை. இராமப்பா கோயிலை ஆந்திரம் என்று சொல்லும் பழைய கைடை நம்ப வேண்டாம், 2014 ஜூன் 2 முதல் அது தெலங்கானா. 2021-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது.

கைடு பழசா என்று எப்படிப் பார்ப்பது

மூன்று பக்கம் போதும். செம்மொழிகள் 6 என்றிருந்தால் பழசு: 2024 அக்டோபரில் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமி, வங்காளம் சேர்ந்து 11 ஆயின. (பாலியும் பிராகிருதமும் எட்டாவது அட்டவணையில் இல்லை, அது தனி வலை.) கேரளச் சட்டமன்றத்தில் 141 பேர், தமிழ்நாட்டில் 235 என்றிருந்தால் பழசு, ஆங்கிலோ இந்திய நியமனம் 104-ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியில் முடிந்தது, இப்போது 140, 234. திருப்பதி சித்தூர் மாவட்டம் என்றிருந்தால் பழசு; 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். மேலவையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் உண்டு, தமிழ்நாட்டில் 1986-ல் கலைக்கப்பட்டது, கேரளத்துக்கு இருந்ததே இல்லை.

ஊகிப்பதன் கணக்கு

இரு மாநிலத் தேர்வுகளையும் ரயில்வேயையும் ஒன்றாக எழுதுகிறவர்கள் ஒரு தேர்வின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் தவறான விடைக்குக் கழிவில்லை, "விடை தெரியவில்லை" என்ற ஐந்தாவது வட்டம் உண்டு. கேரள பி.எஸ்.சி.யிலும் ரயில்வே தேர்விலும் ஒரு தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். நான்கு விடையில் எதுவுமே தெரியாமல் குறித்தால் சராசரி லாபம் பூஜ்யம். ஒன்றை உறுதியாக நீக்க முடிந்தால் ஒன்பதில் ஒரு பங்கு லாபம். இரண்டை நீக்கினால் மூன்றில் ஒரு பங்கு. அதாவது இரண்டை நீக்கிய 30 கேள்விகளில் துணிந்து குறித்தால் சராசரியாக 10 மதிப்பெண் கூடும், எதையும் நீக்காத 30 கேள்விகளில் கூடுவது ஒன்றுமில்லை. "தமிழ்நாடும் கேரளமும் 1886-ல் கையெழுத்திட்டன" போன்ற விடையைக் கண்டதும் அடித்துவிட முடிகிறதா என்பதில்தான் அந்த 10 இருக்கிறது.