ஆள்சேர்ப்பு நாடகம் ஒன்றின் இலக்கியக் கூறுகள்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

ஜார்ஜ் ஃபார்க்கர் எழுதி, 1706-இல் லண்டனின் ட்ரூரி லேன் அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பட்ட ‘தி ரெக்ரூட்டிங் ஆபீசர்’ (படைக்கு ஆள்சேர்க்கும் அதிகாரி) என்னும் ஐந்து அங்க நகைச்சுவை நாடகத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் பழகுவோம்.

முதற்படியாக, பின்னணியை ஒரு பத்திக்குள் குறித்துக்கொள்ளுங்கள். அது ஸ்பானிய வாரிசுரிமைப் போர்க் காலம். கதை நிகழும் ஷ்ரூஸ்பரி நகரில் ஃபார்க்கரே ஆள்சேர்ப்பு அதிகாரியாகப் பணியாற்றியவர். கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு வழி இல்லாதவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்க நீதிபதிகளுக்கு அன்றைய சட்டம் இடமளித்தது. இதற்கு மேல் வரலாறு இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டாவதாக, ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் ஆள்பிடிக்கும் காட்சிகளையும் மறுபுறம் காதல் காட்சிகளையும் எழுதுங்கள். சிறிது நேரத்திலேயே எந்தக் காட்சியை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்ற குழப்பம் வரும். அந்தக் குழப்பம்தான் இந்நாடகத்தின் கட்டமைப்பு. கோழி விற்க வரும் ரோஸ் என்னும் பெண்ணிடம் ஆள்சேர்ப்பு அதிகாரியான கேப்டன் ப்ளூம் குழைந்து பேசுவது அவளுடைய அண்ணனையும் ஊர் இளைஞர்களையும் படைக்கு இழுக்கத்தான். தன் நண்பன் வொர்தியின் காதலைப் பற்றிப் பேசும்போதோ, கோட்டையை முற்றுகையிடுவதைப் போலவே ப்ளூம் பேசுகிறான்.

மூன்றாவதாக, பாத்திரங்கள் அறியாத எதை நாம் அறிந்திருக்கிறோம் என்று ஒவ்வொரு காட்சியிலும் கேளுங்கள். நாடக முரண் என்று சொல்லப்படும் உத்தி இதுவே. ப்ளூமின் கீழ் பணிபுரியும் சார்ஜென்ட் கைட் அரசியின் படம் என்று சொல்லித் தங்கக் காசுகளை இரண்டு நாட்டுப்புற இளைஞர்களின் கையில் திணிக்கிறான். அதை வாங்கியதே படையில் சேர ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ப்ளூம் வந்து கைட்டைக் கடிந்து விரட்டி, நல்லவனாக நடித்தே அவர்களை வளைத்துவிடுகிறான். இதைவிட நுட்பமானது இறுதி அங்கம்: தன் சம்மதமின்றி மணம் செய்யக்கூடாது என்று, ப்ளூமைக் காதலிக்கும் மகள் சில்வியாவிடம் வாக்குப் பெற்ற நீதிபதி பாலன்ஸ், ஆண் வேடத்தில் நிற்கும் அவளை அடையாளம் தெரியாமல், சிப்பாயாக ப்ளூமிடமே ஒப்படைக்கிறார்.

நான்காவதாக அங்கதம், அதாவது குறையைக் கேலியால் சுட்டிக்காட்டும் உத்தி. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, அவன் மண்ணுக்கடியில் வேலை செய்வதால் அவனுடைய பிழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்று கைட் வாதிடுகிறான். என் கருத்தில், நாடகத்தின் மிகக் கூர்மையான வரி இதுவே. சட்டத்தின் வாசகத்தைக் கொண்டே சட்டம் கேலிக்குள்ளாகிறது.

கடைசியாக முடிவை எழுதுங்கள். ப்ளூம் ஆள்சேர்ப்புத் தொழிலைத் துறந்து சில்வியாவை மணக்கிறான். அவன் சேர்த்த ஆட்களோ விடுவிக்கப்படாமல் மற்றோர் ஆள்சேர்ப்பு அதிகாரியான கேப்டன் பிரேசனிடம் கைமாற்றப்படுகிறார்கள். உங்கள் கட்டுரையில் இந்த இரண்டையும் ஒரே பத்தியில் வைத்து ஆராயுங்கள்.