ஜாவா வாங்கும் முன் உரிமையாளர்களின் கருத்தை எடைபோடுவது எப்படி?

ஜாவா மோட்டார் சைக்கிள் வாங்கலாமா என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். இருவர் அந்த வண்டியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். மற்ற இருவர் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பார்கள். இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் 2019 முதல் சாலைக்கு வந்த வண்டிகள் உள்ளுக்குள் ஒரே வண்டி அல்ல. அவற்றை வாங்கியவர்களின் எதிர்பார்ப்பும் ஒன்றல்ல. எனவே கருத்துகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பதில் பயன் குறைவு. யார், எந்த ஆண்டு வண்டியை, எங்கே, எதற்காக ஓட்டிவிட்டுப் பேசுகிறார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், முரண்பட்டுத் தோன்றும் கருத்துகளில் பெரும்பாலானவை தத்தம் இடத்தில் சரியாகவே இருப்பது புரியும்.

முதலில் கேட்க வேண்டியது உற்பத்தி ஆண்டு. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் தயாரித்துவந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகள் 1996-இல் நின்றுபோன பிறகு, மஹிந்திரா குழுமத்தின் ஆதரவுடன் உருவான கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2018 நவம்பர் 15 அன்று ஜாவாவை மீண்டும் அறிமுகப்படுத்தியது. அப்போது வந்தது 293 சி.சி., 27 குதிரைத்திறன் கொண்ட, திரவக் குளிர்விப்பு உள்ள, ஆறு கியர் வண்டி. தொடக்கத்தில் முன்சக்கரத்துக்கு மட்டும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), பின்னால் டிரம் பிரேக் என்றுதான் அது விற்கப்பட்டது; இரு சக்கரங்களிலும் ஏ.பி.எஸ்., பின்னாலும் டிஸ்க் பிரேக் உள்ள வகை பிறகே கைக்கு வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது எஞ்சினில் மாற்றங்கள் செய்யப்பட்டன. 2024 ஜனவரியில் ஜாவா 350 என்ற பெயரில் வந்த வண்டியோ 334 சி.சி. எஞ்சின் கொண்டது. அதன் திறன் சுமார் 22 குதிரைத்திறனாகக் குறைக்கப்பட்டது. இழுவிசை (டார்க்) 28 நியூட்டன் மீட்டர் அளவிலேயே இருந்தது. இருக்கையின் உயரம் 765 மில்லிமீட்டரிலிருந்து 802 மில்லிமீட்டராக உயர்ந்தது. பெட்ரோல் டேங்கின் கொள்ளளவு 14 லிட்டரிலிருந்து 13.2 லிட்டராகக் குறைந்தது, கிளட்சும் மாறியது.

இந்த வேறுபாடுகளை மனத்தில் வைத்துக்கொண்டால், "பிரேக் பிடிப்பு போதாது" என்று 2019 வண்டிக்காரர் சொல்வதையும், "பிரேக் அருமை" என்று 2024 வண்டிக்காரர் சொல்வதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டோம். உற்பத்தி மாதமும் ஆண்டும் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யிலேயே இருக்கும். "எப்போது வாங்கினீர்கள்?" என்று கேட்பதைவிட, "ஆர்.சி.யில் எந்த மாதம் போட்டிருக்கிறது?" என்று கேட்பது நல்லது, ஷோரூமில் மாதக்கணக்கில் நின்ற வண்டியைப் பின்னால் வாங்கியவர்களும் உண்டு. ஜாவாவின் மற்ற மாடல்களான ஃபார்ட்டி டூ, பெராக் ஆகியவற்றின் உரிமையாளர்களிடமும் எஞ்சின் பற்றிக் கேட்கலாம். ஆனால் உட்காரும் வசதி, கைப்பிடியின் உயரம், பின்னால் ஒருவர் உட்கார இடம் ஆகியவற்றில் அவர்களுடைய அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது.

முதல் ஆண்டின் கோபத்துக்குத் தனியாகக் கழிவு கொடுக்க வேண்டும். முன்பதிவு செய்தவர்கள் அன்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். டெலிவரியே 2019 மார்ச் கடைசியில்தான் தொடங்கியது. அந்தக் காத்திருப்பின் கசப்பு அன்றைய கருத்துகள் பலவற்றில் ஊறிக் கிடக்கிறது. அது நியாயமான கசப்புதான், ஆனால் இன்று ஷோரூமில் வண்டி எடுப்பவருக்கு அது ஒரு தகவல் ஆகாது. அதே காலத்தில் பதிவான துரு, பெயின்ட், உதிரிபாகம் பற்றிய குறைகள் வேறு. அவை இப்போதும் தொடர்கின்றனவா என்று புதிய வண்டிக்காரர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

எந்த வண்டியிலிருந்து வந்தவர்?

ஆண்டுக்கு அடுத்தபடியாக நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது. ஜாவாவுக்கு வருபவர்களில் ஒரு சாரார் பழைய ஜாவாவையோ, அதே மைசூர் நிறுவனம் தயாரித்த எஸ்டியையோ ஓட்டியவர்கள், அல்லது அப்பாவும் மாமாவும் ஓட்டப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்கள் மனத்தில் இருப்பது கிக்கர் கம்பியையே மடித்துக் கியராகப் பயன்படுத்திய வண்டி, பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றிய வண்டி, இருபுறச் சைலன்சரிலும் அந்தத் தனிச் சத்தம் எழுப்பிய வண்டி. புதிய ஜாவா இருபுறச் சைலன்சரையும் டேங்கின் வளைவையும் அப்படியே கொண்டுவந்திருக்கிறது. சத்தத்தைக் கொண்டுவரவில்லை, ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினால் கொண்டுவரவும் முடியாது. "பழைய உயிர் இதில் இல்லை" என்று அவர் சொன்னால், அது அவருடைய நினைவோடு ஒப்பிட்டுச் சொன்னது. அதே மனிதர் ஒரு காலத்தில் வண்டியைத் தானே பிரித்து மாட்டியவராக இருந்தால், இன்றைய வண்டியின் பொருத்தம், வெல்டிங், போல்ட்டுகளின் தரம் பற்றி அவர் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். அந்தக் கண் மற்றவர்களுக்கு வாய்க்காது.

இன்னொரு பெருங்கூட்டம் புல்லட்டிலிருந்து வருகிறது. இங்கேதான் பெரும்பாலான குழப்பம் பிறக்கிறது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 72 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 85.8 மி.மீ. முதல் ஜாவாவிலோ விட்டம் 76 மி.மீ., நகரும் தூரம் 65 மி.மீ. மட்டுமே. நீளமான நகர்வுள்ள எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே நிதானமாக இழுக்கும். குறுகிய நகர்வுள்ள எஞ்சின் சுழற்சி ஏற ஏறத்தான் உற்சாகம் கொள்ளும். ஆகவே நான்காம் கியரிலேயே ஊருக்குள் உருட்டிக்கொண்டு போகப் பழகிய புல்லட்காரர் ஜாவாவில் ஏறியதும், "கீழே இழுவை இல்லை, அடிக்கடி கியர் குறைக்க வேண்டியிருக்கிறது" என்பார். 200 சி.சி. வேக வண்டியிலிருந்து வந்தவர் அதே எஞ்சினை ஓட்டிவிட்டு, "நல்ல பிக்கப், நெடுஞ்சாலையில் முந்திச் செல்லத் தயக்கமே இல்லை" என்பார். இரண்டும் ஒரே பண்பைப் பற்றிய இரண்டு சாட்சியங்கள். நீங்கள் எப்படி ஓட்டுபவர் என்பது உங்களுக்குத்தான் தெரியும். உங்களைப் போல ஓட்டுபவரின் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இன் 334 சி.சி. எஞ்சின் இந்தக் குறையை மனத்தில் வைத்தே, உச்சத் திறனைக் குறைத்து ஊருக்குள் ஓட்டும் சுகத்துக்காகத் திருத்தப்பட்டது என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

உயரமும் அப்படித்தான். 765 மி.மீ. இருக்கையைக் குட்டையானவர்கள் வாயாரப் புகழ்வார்கள். ஆறடி மனிதர் முழங்கால் மடங்கி வலிப்பதைச் சொல்வார். அவரவர் உயரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும்.

வண்டியின் அருகில் நின்று கேளுங்கள்

உரிமையாளரைத் தேநீர்க் கடையில் சந்தித்துப் பேசுவதைவிட, வண்டி நிற்கும் இடத்தில் சந்திப்பது பல மடங்கு பயன் தரும். ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று ஜாவா நாள் என்று கொண்டாடிப் பல ஊர்களில் பழைய, புதிய வண்டிகள் ஒன்றுகூடுகின்றன. ஒரே காலையில் பல வண்டிகளைப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. ஆனால் கூட்டத்தில் யாரும் தன் வண்டியின் குறையைச் சொல்ல மாட்டார். தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, வேறொரு நாள் வீட்டில் போய்ப் பாருங்கள். முடிந்தால் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதைச் சொல்லிக் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது மேல்.

குனிந்து சைலன்சரைப் பாருங்கள். எஞ்சினிலிருந்து வளைந்து இறங்கும் குழாயில் பொன்னிறமும் நீலமும் படர்ந்திருந்தால் அது வெப்பத்தால் உலோகம் நிறம் மாறியது. எல்லா வண்டிகளிலும் நிகழ்வது. புது உரிமையாளர்கள் சிலர் அதையே குறையாகச் சொல்லிப் பதறுவதுண்டு. நீங்கள் தேட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது: சைலன்சரின் அடிப்பக்கம், வெல்டிங் செய்த மூட்டு, சக்கரக் கம்பிகளின் முனை, மட்கார்டின் உட்புறம், டேங்கின் மூடியைச் சுற்றியுள்ள விளிம்பு. அங்கே செம்பழுப்புத் துகள் விரலில் ஒட்டினால் அது துரு. உடனே வண்டி எங்கே நிறுத்தப்படுகிறது என்று கேளுங்கள். திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றில் வெட்ட வெளியில் நிற்கும் வண்டியையும், கோயம்புத்தூரில் கூரைக்கு அடியில் நிற்கும் வண்டியையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. கோயம்புத்தூர் வண்டியிலும் இரண்டாம் ஆண்டே துரு ஏறியிருந்தால் அது கனமான சாட்சியம்.

பிறகு செயினைப் பாருங்கள். செயின் சத்தமும் தளர்ச்சியும் உரிமையாளர்கள் அடிக்கடி சொல்லும் குறைகள். செயின் வறண்டு, புழுதி அப்பியிருந்தால், குறை வண்டியுடையதா பராமரிப்புடையதா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது துடைத்து எண்ணெய் போடுபவரின் வண்டியில் அதே சத்தம் கேட்டால்தான் அந்தப் புகாருக்கு மதிப்பு. கியர் மாற்றும்போது இரண்டு கியர்களுக்கு இடையில் சிக்காமல் நழுவுகிறது என்பவரிடம், அது எந்தக் கியர்களுக்கு இடையே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, ஆயில் மாற்றிய பின் குறைந்ததா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக் கூடியவர் தன் வண்டியைக் கவனித்து ஓட்டுபவர். அவருடைய மற்றக் கருத்துகளையும் நம்பலாம்.

மைலேஜ் பற்றி யார் எந்த எண்ணைச் சொன்னாலும், எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். டேங்கை நிரப்பி, குறைந்தது இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் மீண்டும் அதே மட்டம் வரை நிரப்பிக் கணக்கிட்டவரின் எண்தான் எண். 240 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 30. முள்ளைப் பார்த்துச் சொல்பவரின் கணக்கை விட்டுவிடுங்கள்.

வெப்பம் பற்றிய புகாரையும் பிரித்தறிய வேண்டும். எஞ்சினின் பக்கவாட்டில் செதில்கள் தெரிந்தாலும், இதைக் குளிர்விப்பது முன்பக்கச் சட்டத்துக்கு நடுவே இருக்கும் ரேடியேட்டர்தான். சிக்னலில் நிற்கும்போது மின்விசிறி சுழன்று சூடான காற்றைக் காலின் பக்கம் தள்ளும். அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் கூலண்ட் (ரேடியேட்டரில் ஓடும் குளிர்விப்புத் திரவம்) குறைந்துகொண்டே போகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்றால் அது பழுது.

சர்வீஸ்: இங்கேதான் முடிவு கிடக்கிறது

மீண்டு வந்த பிராண்டுகளில் வண்டியைவிடப் பலவீனமாக இருக்கக் கூடியது அதன் பின்னால் உள்ள அமைப்பு என்பது என் உறுதியான கருத்து. பல பத்தாண்டுகளாகத் தெருவுக்குத் தெரு மெக்கானிக்குகளை உருவாக்கிவைத்திருக்கும் நிறுவனத்தோடு, புதிதாகத் தொடங்கிய ஒன்று இதில் உடனே போட்டியிட இயலாது. எனவே உங்கள் மாவட்டத்திலேயே, நீங்கள் போகப்போகும் அதே சர்வீஸ் சென்டருக்குப் போகும் உரிமையாளர் ஒருவரையாவது கண்டுபிடியுங்கள். சென்னையில் திருப்தியாக இருப்பவரின் சொல் தேனியில் இருப்பவருக்கு உதவாது.

அவரிடம் "சர்வீஸ் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால், "பரவாயில்லை" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு சர்வீஸின்போதும் சென்டரில் எழுதித் தரும் ஜாப் கார்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். வண்டியை விட்ட தேதி, திரும்பப் பெற்ற தேதி, ஒரே குறை மறுபடி மறுபடி எழுதப்பட்டிருக்கிறதா, வாரன்ட்டியில் மாற்றியது எது, காசு கொடுத்தது எதற்கு என்று எல்லாம் அதில் இருக்கும். பிரேக் பேட், ஆயில் ஃபில்டர், கிளட்ச் கேபிள் போன்றவை கிடைக்கின்றனவா என்பதோடு நிறுத்தாமல், விபத்தில் அடிபட்டு வண்டியைச் சரிசெய்தவர் யாராவது தெரியுமா என்றும் கேளுங்கள். டேங்க், மட்கார்டு, ஃபோர்க், இண்டிகேட்டர் போன்ற பாகங்கள் எத்தனை நாளில் வந்தன என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

சொந்தக் காசைப் போட்டு வாங்கியதைத் தவறு என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராது, ஆகவே "மறுபடியும் இதையே வாங்குவீர்களா?" என்ற கேள்வியைத் தவிருங்கள். "யாருக்கு இந்த வண்டி வேண்டாம் என்பீர்கள்?" என்று கேட்டால், தன் வண்டியை விட்டுக்கொடுக்காமலே மனிதர் மனம்விட்டுப் பேசுவார். "தினமும் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துப் போகிறவருக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், பின் ஷாக் அப்சார்பரின் விறைப்பையும் பின் இருக்கையின் அளவையும் பற்றி அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முடிந்தால் அந்த மனைவியிடமும் கேளுங்கள். பின் இருக்கையைப் பற்றி ஓட்டுபவர் சொல்வது பாதிதான்.

இப்படிச் சேர்ந்த குறிப்புகளோடு டெஸ்ட் டிரைவுக்குப் போங்கள். ஷோரூம்காரர் தரும் ஐந்து நிமிடச் சுற்று போதாது. நெரிசலான சாலையில் இருபது நிமிடமாவது ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு நியூட்ரல் விழுகிறதா என்று பாருங்கள். வீட்டிலிருந்து ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையை மெதுவாகக் கடந்து, அடியில் தட்டுகிறதா என்று கேளுங்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கைப்பிடியிலும் கால் வைக்கும் இடத்திலும் அதிர்வு எவ்வளவு என்று உணருங்கள். உரிமையாளர் சொன்ன குறை உங்களுக்கும் தட்டுப்பட்டு, அதோடு தினமும் வாழ முடியும் என்று தோன்றினால், முன்பதிவுத் தொகையைக் கட்டும் முன் உங்களுக்குத் தரப்போகும் வண்டியின் உற்பத்தி மாதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.