சைப்ரஸில் கைவேலைப் பொருள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைப்ரஸ் போகிறவர்களில் பலர் கடைசி நாளில்தான் கடைக்குப் போகிறார்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது, லார்னகா கடற்கரைச் சாலையில் கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்து கையில் கிடைத்ததை வாங்குகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் 'கைவேலை' என்று சீட்டு ஒட்டிய மேசை விரிப்பு ஒன்றை வாங்கினேன். அந்தத் தீவில் ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் ஓர் ஊர் உண்டு. பூத்தையலுக்கு லெஃப்காரா, நெசவுக்கு பாஃபோஸ் பக்கத்து ஃபித்தி, செம்மண் பானைக்குக் கோர்னோஸ். இதற்கென்று ஒரு முழு நாளை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

ஒரே ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் லெஃப்காராவுக்குப் போங்கள். ட்ரூடோஸ் மலையின் தென்சரிவில் இருக்கிறது. அங்கே செய்யும் பூத்தையலின் பெயர் லெஃப்காரிட்டிகா. 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 1481-இல் லியோனார்டோ டா வின்சி இங்கே வந்து, மிலான் பேராலயத்துக்கு ஒரு விரிப்பு வாங்கிப் போனார் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அது ஊரில் வழிவழியாக வரும் கதை. கேட்டு ரசிக்கலாம், ஆனால் அந்தக் கதைக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

துணியின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. முதல் தடவை வாங்கிய விரிப்பை அடுத்த பயணத்தில் லெஃப்காராவுக்கு எடுத்துப்போய், வாசலில் மடியில் தலையணை வைத்துத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் காட்டினேன். அவர் பூவைப் பார்க்கவே இல்லை. சட்டென்று திருப்பிப்போட்டு, பின்பக்கத்தை விரலால் தடவினார். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவிய நூல், நறுக்கிவிட்ட பிசிறு எல்லாம் அங்கே தெரிந்தன. அது இயந்திரத் தையல். அப்புறம் தன் மடியில் இருந்ததைத் திருப்பிக் காட்டினார். எது முன், எது பின் என்று எனக்குத் தெரியவில்லை. முடிச்சே கிடையாது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பிறகு ஏமாற மாட்டீர்கள். லினன் துணியின் இழைகளை எண்ணி, சிலவற்றை வெட்டி உருவிவிடுகிறார்கள். மிஞ்சிய இழைகளை ஊசியால் சுற்றிக் கட்டி, அந்த இடைவெளியிலேயே கோலம் எழுப்புகிறார்கள். நெளிந்து ஓடும் ஒரு வடிவத்துக்கு 'ஆறு' என்றே பெயர். நூல் பெரும்பாலும் வெள்ளை, பழுப்பு, சந்தன நிறம்தான். கண்ணைப் பறிக்கும் நிறங்களில் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். துணியின் ஓரத்தைக் கையில் கசக்கியும் பாருங்கள். லினன் கசங்கும், பாலியஸ்டர் உடனே நிமிர்ந்துவிடும். லெஃப்காராவிலேயே வாங்கிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம், இயந்திரத்தில் செய்த இறக்குமதித் துணி அங்கேயும் வரும். 'இது இந்த ஊரில் தைத்ததா, யார் தைத்தார்கள்?' என்று நேரடியாகக் கேளுங்கள். கையால் செய்ததை விற்பவர் அந்தக் கேள்வியை விரும்பியே பதில் சொல்வார்.

சரி, பேரம்? பாதி விலைக்குக் கேட்காதீர்கள். கையகலத் துண்டுக்கே நாள்கணக்கில் உட்கார வேண்டும், கண் வலிக்கிற வேலை. இரண்டு மூன்று சேர்த்து வாங்கும்போது கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம், அதில் தவறில்லை. விலை நியாயம்தானா என்று சந்தேகம் இருந்தால், நிகோசியாவில் அரசே நடத்தும் கைவினை மையத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். வெள்ளிக் கம்பி நகைக்கும் லெஃப்காரா பேர்போனது. அதில் 925 முத்திரை (92.5 சதவீதம் வெள்ளி என்பதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று பாருங்கள்.

தின்பண்டத்தில் பெயரைப் படிக்காமல் வாங்குவது இன்னொரு தவறு. ஹலூமி பாலாடைக்கட்டிக்கு 2021-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. உறையில் அந்த முத்திரையைத் தேடுங்கள். உப்புநீரில் ஊறும் கட்டியைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் பறித்துக்கொள்ளக்கூடும், பெரிய பெட்டியில் வையுங்கள். லூக்கூமி மிட்டாய் என்றால் யெரோஸ்கிப்பு ஊர்ப்பெயர் போட்டதை வாங்குங்கள்.

பழைய காசு, உடைந்த மண்பாண்டத் துண்டு என்று யாராவது நீட்டினால் தொடவே தொடாதீர்கள். தொல்பொருளை அனுமதியின்றி நாட்டைவிட்டு எடுத்துப்போவது அங்கே குற்றம்.

வீட்டுக்கு வந்தபிறகும் ஒரு தவறு நடக்கும். பூத்தையல் துணியை மற்ற துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டுவிடுவார்கள். இழை எடுத்த இடம் சுழற்சியில் கிழியும். மிதமான சோப்புத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுங்கள். லேசாக ஈரம் இருக்கும்போதே பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள்.